போக ஒரு டிக்கெட், போய்வர ஒரு டிக்கெட்

முதல் உலகப் போரைப் பல வருடம் வகுப்பில் நடத்தியவன் நான். பாடப்புத்தகத்தில் காரணங்கள் இருக்கும், உடன்படிக்கைகள் இருக்கும். அந்தப் போரையே பிழைப்பாக்கிக்கொண்ட ஒருவனின் கதை இருக்காது.

பிரான்சில் மட்டும் சுமார் 14 லட்சம் வீரர்கள் மாண்டார்கள். ஊர்தோறும் விதவைகள். அப்போது பாரிஸ் பத்திரிகைகளில் 'மணமகள் தேவை' விளம்பரம் கொடுத்தான் ஆன்றி லாந்த்ரு. மனைவியை இழந்தவன், வசதியுள்ளவன் என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். மோசடிக்காக ஏற்கெனவே சிறைக்குப் போனவன்.

283 பெண்களோடு அவனுக்குத் தொடர்பு இருந்ததாகப் பின்னால் போலீஸ் கணக்கெடுத்தது. யாரிடம் பணம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தரம் பிரித்து வைத்திருந்தான். காதல் பேசி, சேமிப்பையும் வீட்டுச் சாமான்களையும் கைப்பற்றியபின், காம்பே என்ற கிராமத்தில் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு அழைத்துப்போவான்.

அவன் மகா கணக்குப்பிள்ளை. செலவையெல்லாம் சிறு நோட்டில் குறிப்பான். அந்தப் பயணங்களுக்கு அவனுக்குப் போய்வர டிக்கெட். பெண்ணுக்குப் போக மட்டும். அந்த நோட்டுதான் நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகப் பேசியது.

ஆனால் அவனைப் பிடிக்க வழி செய்தது போலீஸின் சாமர்த்தியம் மட்டுமல்ல. காணாமல்போன செலஸ்தீன் புயிசோனின் தங்கை காம்பே மேயருக்குக் கடிதம் எழுதினாள். அதே போல இன்னொரு குடும்பமும் எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் பெயர் வேறு, வீடு ஒன்றே. மேயர் இரு குடும்பங்களையும் தொடர்புபடுத்திவிட்டார். 1919 ஏப்ரலில் பாரிஸ் ரிவோலி தெருக் கடையொன்றில் அவன் அடையாளம் காணப்பட்டான்; கடையில் கொடுத்த விலாசத்தை வைத்துக் கைது செய்தார்கள்.

பத்துப் பெண்களையும் ஒரு பெண்ணின் மகனையும் கொன்றதாகத் தீர்ப்பு. முழு உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாம்பலில் எலும்புத் துண்டுகள்தான். 1922 பிப்ரவரி 25 அன்று வெர்சாயில் கில்லட்டினில் அவன் தலை விழுந்தது.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன்? என்னிடம் படித்த பெண் ஒருத்தி, கணவனை இழந்தவள், ஆன்லைனில் பழக்கமான வெளிநாட்டு டாக்டர் ஒருவரைப் பற்றிப் போன வாரம் சொன்னாள். "வீட்ல யார்கிட்டயும் இப்ப சொல்ல வேண்டாம்னு சொல்றார் சார்" என்றாள்.

"முதல்ல உன் அக்காகிட்ட சொல்லும்மா" என்றேன்.

உங்கள் வீட்டிலும் தனியாக இருப்பவர்களிடம் அடிக்கடி பேசுங்கள். பதில் வரவில்லையென்றால், அந்தத் தங்கையைப் போல விடாமல் கேளுங்கள்.