அடைப்புக்கும் கேப்புக்கும் நடுவே: தாம்பரம் வட்டாரத்தில் ஆன்லே

தாம்பரத்தைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, ரத்தினமங்கலத்தில் தாகூர், கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, ஜி.எஸ்.டி. சாலையில் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., கடற்கரைப் பக்கம் உத்தண்டியில் ராகாஸ் என்று ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஐந்து. இவற்றுக்கு நடுவே, ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில், பல் கிளினிக் பலகை தொங்காத கடைத்தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு இருந்தும், பாதி உடைந்த கடைவாய்ப் பல்லோடு உள்ளே போகிறவர் காதில் விழும் வழிகள் பெரும்பாலும் இரண்டே: அடைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ரூட் கெனால் செய்து கேப் போட்டுவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. பல்லின் கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வலுவிழந்த மேல்முகடுகளை மூடும் அளவுக்கு வெளியே செய்த ஒரு துண்டை ஒட்டிவிடுவது. ஆன்லே என்பது அதுதான். இந்த வட்டாரத்தில் அது அரிதாகவே கிடைப்பதற்கு அறிவுக் குறைவோ கருவிக் குறைவோ காரணமில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். நாற்காலியில் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கும், எதற்கு உத்தரவாதம் தரப்படுகிறது என்ற கேள்வியும்தான் ஆன்லேயைப் பின்தள்ளுகின்றன.

கடைவாய்ப் பல்லின் அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஆறு வயதில் முளைக்கிறது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் பால்பல் எதுவும் விழுவதில்லை என்பதால், அதையே பால்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடும் பெற்றோர் பலர். நிரந்தரப் பற்களில் முதலில் சொத்தையாவதும் முதலில் அடைக்கப்படுவதும் அதுவே. அதன் மெல்லும் பரப்பில் பொதுவாக ஐந்து முகடுகள் இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் உள்ள இரண்டு எனாமல் வரம்புகள் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கின்றன. பக்கத்துப் பற்களோடு உரசும் இடத்தில் சொத்தை வந்தால் அந்த வரம்புகள்தான் முதலில் போகும்.

அந்த வரம்புகள் எவ்வளவு முக்கியம் என்பதை ரீ, மெசர், டக்ளஸ் ஆகிய மூவரும் 1989இல் அளந்து காட்டினார்கள். பிடுங்கிய சிறு கடைவாய்ப் பற்களை எடுத்து ஒவ்வொரு படியாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பல்லின் விறைப்பைச் சோதித்தார்கள். ரூட் கெனாலுக்காக நடுவில் துளையிட்டபோது குறைந்தது ஏறத்தாழ 5 விழுக்காடு. இரு பக்க வரம்புகளும் போகும்படி குழி வெட்டியபோது குறைந்தது ஏறத்தாழ 63 விழுக்காடு. ரூட் கெனால் செய்தால் பல் காய்ந்து நொறுங்கிப் போகும் என்று ஊரில் சொல்வதுண்டு. பல்லை நொறுங்க வைப்பதில் நரம்பை எடுப்பதைவிட வரம்பு போவதற்கே பெரிய பங்கு என்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

வரம்பு போன பல்லில் சிமெண்டையோ கம்போசிட்டையோ அடைத்தால், இரு பக்கமும் நிற்கும் முகடுகள் ஒவ்வொரு கடிக்கும் சற்றே விரிந்து திரும்புகின்றன. தீபாவளிச் சீடையோ ஆட்டு எலும்போ ஒரு நாள் மீதி வேலையை முடித்து வைக்கிறது. கொட்டைப்பாக்கை முழுதாகக் கடிக்கும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சீடை கூட வேண்டியதில்லை. எனவே மெலிந்த முகடுகளை மேலிருந்து மூடிப் பிணைக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு தூரம் மூடுவது, அதற்காக எவ்வளவு நல்ல பல்லைச் சீவி எறிவது என்பதில்தான் பிரச்சினை.

ஆன்லேயின் வரலாறு தமிழ்நாட்டு வாசகருக்கு எதிர்பாராத இடத்தில் பழக்கமாக இருக்கும். 1907இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட், மெழுகில் உரு செய்து, அதைச் சுற்றிச் சாந்து பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, வெற்றிடத்தில் உருகிய தங்கத்தைச் செலுத்தும் முறையை நியூயார்க்கில் விளக்கிக் காட்டினார். சுவாமிமலை ஸ்தபதிகள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் மெழுகு வார்ப்புதான் அது. வண்டல் மண்ணுக்குப் பதில் வெப்பம் தாங்கும் சாந்து, பஞ்சலோகத்துக்குப் பதில் தங்கம். டாகர்ட்டுக்குப் பத்தாண்டுக்கு முன்பே ஐயோவாவைச் சேர்ந்த பில்புரூக் இதே வழியைச் சொல்லியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தங்க ஆன்லே நிபுணர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. நம் ஊரில் அது பரவாததற்கு விலை மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. காதும் கழுத்தும் இருக்கும்போது, யாருக்கும் தெரியாத கடைவாயில் தங்கத்தை வைக்க இங்கே யார் ஒப்புக்கொள்வார்?

உலோகம் தன் வடிவத்தின் பிடியால் பல்லில் நின்றது. ஒட்டும் கலை வந்த பிறகு கணக்கு மாறியது. 1955இல் மைக்கேல் புவனோகோர் பாஸ்போரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் இறுகப் பற்றும் என்று காட்டினார். 1960களின் தொடக்கத்தில் ரஃபேல் போவனின் பிசின் வந்தது. எனாமலுக்குக் கீழே உள்ள ஈரமான டென்டினில் ஒட்டுவதுதான் கடினமாக இருந்தது; பிசின் டென்டினுக்குள் ஊடுருவி உருவாக்கும் கலப்பு அடுக்கை 1982இல் ஜப்பானின் நாகபயாஷி விவரித்தபோது அதற்கும் வழி திறந்தது. 1985இல் சூரிக்கில் வெர்னர் மோர்மன் குழுவினர், கணினி கடைந்த பீங்கான் துண்டை ஒரே அமர்வில் நோயாளியின் பல்லில் ஒட்டினார்கள். இன்று தாம்பரத்துக் கிளினிக்குகள் சிலவற்றில் வாய்க்குள் நுழையும் ஸ்கேனர் இருக்கிறது; அது இல்லாதவர்கள் அளவெடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். தொழில்நுட்பம் நம்மை வந்தடைந்து வெகுநாளாயிற்று.

முழுக் கேப் இன்னும் பழைய தத்துவத்தில்தான் பெரும்பாலும் நிற்கிறது. சுற்றுச் சுவர்கள் ஏறத்தாழ இணையாக இருந்தால்தான் அது கழன்று விழாது. அதற்காகப் பல்லின் நான்கு பக்கத்தையும், சொத்தை தொடாத எனாமலையும் சேர்த்து, சீவியாக வேண்டும். 2002இல் ஈடல்ஹாஃப், சோரன்சென் இருவரும் மாதிரிக் கடைவாய்ப் பற்களை வெவ்வேறு வடிவங்களுக்கு வெட்டி எடை பார்த்தார்கள். முழுக் கேப்புக்குப் போனது ஈறுக்கு மேலுள்ள பல்பகுதியில் ஏறத்தாழ 67 முதல் 76 விழுக்காடு வரை. ஒட்டும் வகைத் துண்டுகளுக்குப் போனது அதைவிட வெகு குறைவு. உயிருள்ள பல்லில் இவ்வளவு சீவுவதற்கு ஒரு விலை உண்டு. ஸ்காட்லாந்தில் சான்டர்ஸ் தம்பதியர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ரூட் கெனால் செய்யாமல் கேப் மட்டும் போடப்பட்ட பற்களில் 19 விழுக்காட்டின் வேர்முனையில் எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தது. அந்தப் பற்களில் ஏற்கெனவே ஆழமான சொத்தை இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் கேப்பின் மேல் போட முடியாது. ஆனாலும் ஐந்தில் ஒன்று என்பது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண்ணல்ல.

ரூட் கெனால் செய்த பல்லைப் பற்றிய வாதம் இதைவிடச் சிக்கலானது. கேப் தரப்பின் வலுவான சான்றுகள் இரண்டு. 1984இல் சோரன்சென், மார்ட்டினாஃப் இருவரும் 1,273 பற்களைப் பார்த்து, பின்பற்களின் மேல்பரப்பை மூடியவை நன்றாக நிலைத்தன என்றார்கள். 2002இல் அக்விலினோ, கேப்லன் இருவரும், ரூட் கெனாலுக்குப் பின் கேப் போடாத பற்கள் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்று கண்டார்கள். ரூட் கெனால் என்றால் கூடவே கேப் என்ற வழக்கம் இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்துதான் பலம் பெற்றது. இவை உறுதிப்படுத்துவது முகடுகளை மூட வேண்டும் என்பதை. பல்லின் கழுத்தைச் சுற்றி டென்டினைச் சீவ வேண்டும் என்பதை இவை நிரூபிக்கவில்லை. ஒட்டும் ஆன்லேயோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. ரூட் கெனாலுக்குப் பிறகு எஞ்சியிருக்கும் கழுத்து டென்டின்தான் அந்தப் பல்லின் கடைசிச் சேமிப்பு. முகட்டை மூடுவதற்காக அதையும் செலவழிப்பது, இந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றை அவற்றின் பெயரால் செய்வதாகும்.

ஆன்லே தாங்குமா? பல ஆய்வுகளைத் தொகுத்து மொரிமோட்டோ குழுவினர் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பீங்கான் இன்லே (முகடுகளை மூடாமல் அவற்றுக்கு நடுவே மட்டும் பொருந்தும் துண்டு), ஆன்லேக்களில் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 95 விழுக்காடும் பத்தாண்டு முடிவில் 91 விழுக்காடும் வாயில் நிலைத்திருந்தன. தோற்றவற்றில் முதலிடம் உடைதலுக்கு. மறுசொத்தை மிகக் குறைவு. தேர்ந்த கைகளும் தேர்ந்தெடுத்த நோயாளிகளும் நிறைந்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. மாலை நேரக் கூட்டத்தில் வேலை செய்யும் கிளினிக்குக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இருந்தும், கேப்தான் நம்பகமானது, ஆன்லே சோதனை முயற்சி என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

இப்போது உத்தரவாத அட்டைக்கு வரலாம். ஜிர்கோனியா கேப் போட்டால் கையில் ஒரு அட்டை தருவார்கள். அதில் ஐந்தாண்டு, பத்தாண்டு, சில வகைகளுக்குப் பதினைந்தாண்டு என்று எழுதியிருக்கும். ஜிர்கோனியாவின் வளைவு வலிமை 1,000 மெகாபாஸ்கலைத் தொடக்கூடியது; ஆன்லேக்கு வழக்கமான லித்தியம் டைசிலிகேட் 400க்குப் பக்கம்தான். எண்களை மட்டும் வைத்தால் போட்டியே இல்லை. ஆனால் லித்தியம் டைசிலிகேட்டின் உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்து, பல்லோடு ஒட்டி, இரண்டையும் சேர்ந்து சுமை தாங்க வைக்க முடியும். கண்ணாடிப் பகுதி இல்லாத ஜிர்கோனியாவை அப்படி அரிக்க முடியாது. மேலும், அட்டை உத்தரவாதம் தருவது லேபில் செய்த பொருளுக்கு. உள்ளே இருக்கும் பல் பிளந்தாலோ வேர்முனை சீழ்பிடித்தாலோ கேப் உடையாமல்தான் இருக்கும், அட்டையும் செல்லும். பல்லைப் பிடுங்கும்போது கேப் முழுசாகக் கூடவே வந்துவிடும். நோயாளிக்கோ அட்டை பெரிய ஆறுதல். பைலில் மின்கட்டண ரசீதோடு பத்திரமாக இருக்கும்.

பணக் கணக்கு இதைவிட நேரடியானது. இரண்டு சிகிச்சைக்கும் பொதுவாக இரண்டு அமர்வுகள்தான், லேப் செலவிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லை. வேறுபாடு கடைசி அமர்வில் இருக்கிறது. கேப்பைக் கிளாஸ் அயனோமர் சிமெண்டில் பொருத்த சில நிமிடங்கள் போதும், சிறிது எச்சில் பட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஆன்லேயை ஒட்ட, எச்சிலைத் தடுக்கும் ரப்பர் டேம் மாட்டி, பல்லைக் காய வைத்து, அமிலம், சிலேன், பிசின் என்று அடுக்கடுக்காகப் பூசி, நீல விளக்கில் இறுக்கி, ஓரங்களைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் திரும்ப முதலிலிருந்து. பல் மருத்துவ ஆசிரியர்கள் பலர் பகலில் கல்லூரி, மாலையில் சொந்தக் கிளினிக் என்று இருப்பவர்கள். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் வேலை முடிந்து இறங்கும் கூட்டமும் அதே ஏழு மணிக்குத்தான் கிளினிக்குக்கு வருகிறது. ஒருவருக்கு முக்கால் மணி நேரம் அதிகமானால் வரவேற்பறையில் மூன்று பேர் எழுந்து போய்விடுவார்கள். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் விபத்தல்லாத பல் சிகிச்சையை ஏற்பதில்லை. எனவே அந்த முக்கால் மணி நேரத்துக்கான பணம் நோயாளியின் பையிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தனியாகக் கேட்கத் தயங்கும் மருத்துவர், தனக்குப் பழகிய கேப்புக்கே திரும்புகிறார். இதில் நேர்மைக் குறைவு என்று எதுவும் இல்லை. நிமிடத்துக்கு விலை வைக்காத கட்டணப் பட்டியலின் விளைவு இது.

எல்லாப் பல்லுக்கும் ஆன்லே என்பதும் தவறு. சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கி, ஓரத்தில் எனாமலே மிஞ்சாத பல்லில் ஒட்டுதல் நம்பத்தகுந்ததாக இருக்காது. அங்கே ரத்தமும் ஈரமும் கட்டுக்குள் வராது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், வெற்றிலை பாக்கால் முகடுகளே தேய்ந்து தட்டையானவர்களுக்கும், நான்கு சுவரும் இழந்த பல்லுக்கும் முழுக் கேப்பே சரி. வலி வந்த பிறகே வருவது இங்கே பழக்கம் என்பதால், வந்து சேரும் பற்களில் கணிசமானவை இந்த நிலையில்தான் இருக்கும். இந்த எதிர்வாதத்தைப் புறநகர் மருத்துவர்கள் அடிக்கடி சொல்வார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் பழைய வெள்ளி அடைப்பின் ஓரத்தில் ஒரு முகடு மட்டும் உடைந்து, வலியில்லாமல், நாக்கு குத்துகிறது என்று வரும் சேலையூர் ஓய்வூதியக்காரரும் இருக்கிறார். அவருடைய பல்லுக்கு இந்த எதிர்வாதம் எதுவும் பொருந்தாது. அவருக்கு ரூட் கெனாலும் தேவையில்லை, கேப்பும் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் கல்லூரிகளுக்கு வேலை இருக்கிறது. இளநிலை மாணவர்கள் மருத்துவப் பயிற்சிக்கு முந்தைய வகுப்பிலேயே இன்லேக்குக் குழி வெட்டவும் மெழுகு உரு எடுக்கவும் கற்கிறார்கள். அந்தக் கைப்பழக்கம் நோயாளியின் நாற்காலி வரை வருவது முதுநிலையில்தான், அதுவும் சிலருக்கு. கல்லூரி மருத்துவமனையில் கட்டணம் குறைவு, நேரம் தாராளம், ஆசிரியர் அருகில் நிற்பார். நிமிடக் கணக்கு இல்லாத ஒரே இடம் அது. ஒரு முகடு உடைந்த உயிருள்ள பற்களை முதலில் ஆன்லேக்குப் பரிசீலித்து, மறுத்தால் காரணத்தை நோயாளிக் கோப்பில் எழுத வேண்டும் என்று ஒரு துறை முடிவெடுத்தாலே போதும், வழக்கம் மாறத் தொடங்கும்.

முதுநிலை ஆய்வேடுகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எம்.டி.எஸ். மூன்றாண்டுப் படிப்பு. பத்தாண்டு நிலைக்கும் சிகிச்சையை மூன்றாண்டுக்குள் ஆராய முடியாது என்பதால், மாணவர்கள் பிடுங்கிய பற்களை இயந்திரத்தில் அழுத்தி உடைத்துப் பார்க்கும் தலைப்புகளுக்கே அதிகம் போகிறார்கள். பின்தொடர்தலை மாணவரின் பொறுப்பிலிருந்து எடுத்துத் துறையின் பொறுப்பாக்கினால் இந்தத் தடை நீங்கும். ஒவ்வோர் ஆண்டு மாணவரும் முந்தைய ஆண்டு நோயாளிகளை அழைத்து, எக்ஸ்ரே எடுத்து, ஒரே படிவத்தில் பதிய வேண்டியிருக்கும். வாடகை வீடு மாறி ஓ.எம்.ஆர். பக்கம் போய்விடும் மென்பொருள் ஊழியர்களைத் திரும்ப வரவழைப்பது கடினம். சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் சொந்த வீட்டில் இருக்கும் ஐம்பது வயதைக் கடந்தவர்களோடு தொடங்குவது எளிது. ஐந்து கல்லூரிகளும் ஒரே படிவத்தை ஏற்றுக்கொண்டால், ஐந்தாண்டு முடிவில் ஸ்காட்லாந்தையோ வேறு நாட்டையோ மேற்கோள் காட்டாமலேயே ஒரு புறநகர் மருத்துவர் தன் நோயாளியிடம் பேச முடியும்.