அஸ்ஸுஹராவின் காற்றும் இரு சிறு பலூன்களும்

வைகறையில் கீழ்வானிலும் அந்தியில் மேல்வானிலும் தோன்றும் வெள்ளிக் கோளை அரபியர் ‘அஸ்ஸுஹரா’ என்றழைத்தனர். ஒளிர்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லில் பிறந்த பெயர் அது. இஸ்லாமிய நாகரிகத்தின் வானியலார் ‘ஸீஜ்’ எனும் அட்டவணைகளில் அதன் இயக்கத்தைக் கணித்து வைத்தனர். எனினும் அவர்கள் கண்டது நகரும் ஓர் ஒளியையே. அவ்வொளிக்குள் ஓயாத பெருங்காற்று வீசுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது.

அதனை முதலில் உணர்ந்தவர் தொழில்முறை வானியலாளர் அல்லர். காங்கோவின் பிராஸவில் நகரில் நீதித்துறையில் பணியாற்றிய சார்ல் பொயே எனும் பிரெஞ்சுக்காரர், 1957இல் தமது 25 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் வெள்ளியைப் புற ஊதா ஒளியில் படம்பிடித்தார். மேகங்களின் கரிய வடிவம் நான்கு நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதை அவரும் வானியலாளர் ஆன்றி காமிஷலும் கண்டறிந்தனர். பின்னர் 1960களில் ரேடார் ஆய்வு, வெள்ளியின் தரை ஒருமுறை சுழல 243 நாட்கள் ஆவதைக் காட்டிற்று. தரை இத்தனை மெதுவாகச் சுழலும்போது மேகம் மட்டும் நான்கே நாட்களில் கோளைச் சுற்றிவருவது எங்ஙனம்? அறிஞர் பலர் ஐயுற்றனர். 1974இல் மாரினர் 10 விண்கலம் அனுப்பிய படங்கள் பொயேயின் கூற்றை மெய்ப்பித்தன.

ஆயினும் படங்கள் காட்டியவை மேகத்தின் மேற்புறத்தை மட்டுமே. உள்ளே வீசும் காற்றை அளக்க, 1978 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் பயனியர் வீனஸ் திட்டம் ஒரு பெரிய ஆய்கலத்தையும் மூன்று சிறிய ஆய்கலங்களையும் வெள்ளியினுள் இறக்கிற்று. சிறியவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 கிலோ எடையுடையவை. அவற்றுக்குப் பாராசூட்டும் இல்லை. அவற்றின் ரேடியோ அலைகளில் நேர்ந்த மாற்றத்தைக் கொண்டு காற்றின் வேகம் கணிக்கப்பட்டது. தரையருகே காற்று ஏறக்குறைய அசைவற்றிருந்தது. உயரம் கூடக்கூட வேகமும் கூடியது. ஆனால் அக்கலங்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தரையைத் தொட்டுவிட்டன. தாம் விழுந்த வழியில் கண்டதை மட்டுமே அவற்றால் சொல்ல முடிந்தது.

காற்றை அறியக் காற்றோடு செல்ல வேண்டும். வெள்ளியில் பலூனை மிதக்கவிடும் யோசனையை 1960களிலேயே முன்வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ஷாக் பிளாமோன். அது நிறைவேறியது சோவியத்தின் வேகா 1, வேகா 2 கலங்கள் வாயிலாக. ‘வேகா’ என்பது வெள்ளி, ஹாலி வால்மீன் ஆகியவற்றின் ரஷ்யப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல். அதே பெயருடைய விண்மீனுக்கோ அப்பெயர் அரபியிலிருந்து வந்தது. ‘அந்நஸ்ருல் வாகிஉ’, அதாவது இறங்கும் கழுகு என்பதிலுள்ள ‘வாகிஉ’ என்பதே மருவி வேகா ஆயிற்று. வெள்ளியில் இறங்கிய கலங்களுக்கு இப்பெயர் தற்செயலாகவே பொருந்தியது.

1985 ஜூன் 11, 15 ஆகிய நாட்களில் இரு பலூன்கள் விடப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் விட்டமுடையது. ஹீலியமும் கருவிகளும் சேர்த்து எடை 21 கிலோ. கந்தக அமில மேகம் அரிக்காதபடி அதன் துணிக்கு டெஃப்லான் பூசப்பட்டிருந்தது. தரையின் வெப்பம் சுமார் 460 டிகிரி செல்சியஸ். ஆனால் பலூன்கள் மிதந்த 54 கிலோமீட்டர் உயரத்தில் நம் ஊரின் வெயிற்கால வெப்பமே இருந்தது. மின்கலம் தீரும்வரை சுமார் 46 மணி நேரம் அவை செய்தி அனுப்பின. மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் இரவுப் பகுதியிலிருந்து பகற் பகுதிக்குள் 11,000 கிலோமீட்டருக்கும் மேல் சென்றன. எதிர்பார்த்ததைவிட வலுவாக மேலும் கீழும் எழுந்து விழும் காற்றோட்டங்களையும் அவை கண்டன. இரண்டாம் பலூன் உயர்ந்த மலைநிலத்தின் மேல் சென்றபோது கடுமையாக அலைக்கழிக்கப்பட்டது.

அந்த மெல்லிய குரலைக் கேட்க உலகின் பல பகுதிகளிலுமாகச் சுமார் இருபது ரேடியோ தொலைநோக்கிகள் ஒன்றுசேர்ந்தன. அமெரிக்காவும் சோவியத்தும் ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த ஆண்டுகள் அவை. ஆயினும் ஒரு சோவியத் பலூனின் தடத்தை அறிய அமெரிக்க, பிரெஞ்சு, சோவியத் அறிஞர்கள் கைகோத்தனர். கல்வியை எல்லைக்குள் அடைப்பது இயலாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தரையைவிட வளிமண்டலம் விரைவது ஏன் என்னும் வினா அத்துடன் தீரவில்லை. ஜப்பானின் அகாட்சுகி கலம் 2015 முதல் வெள்ளியைச் சுற்றிவந்து அளித்த தரவுகளைக் கொண்டு, சூரிய வெப்பம் எழுப்பும் வளிமண்டல அலைகளே அவ்வேகத்தைக் குன்றாமல் காப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன என 2020இல் விளக்கம் தரப்பட்டது. 2024இல் அக்கலத்தின் தொடர்பும் அற்றுப்போயிற்று.

இவ்வாராய்ச்சியால் நமக்கென்ன பயன் எனச் சிலர் கேட்கலாம். வெள்ளி ஏறத்தாழ பூமியின் அளவினதே. ஆனால் அதன் காற்றில் 96 விழுக்காட்டுக்கும் மேல் கரியமில வாயு. அதனாலேயே அது உலையாயிற்று. நம் பூமியின் நாளைய வெப்பத்தைக் கணிக்கும் விதிகளை இன்னொரு கோளில் உரைத்துப் பார்க்கும் உரைகல் அது. அதன் காற்று தன் வேகத்தை முதலில் உணர்த்தியது ஒரு நீதித்துறை அலுவலரின் சிறு தொலைநோக்கிக்கு. தன் உட்போக்கை உணர்த்தியது தன்னோடு மிதந்த இரு சிறு பலூன்களுக்கு. கருவியின் சிறுமையைக் கண்டு அது தரும் சான்றைப் புறக்கணிக்கலாகாது என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.