கரிசல் நிலத்தில் ‘நித்திய சீவியம்’: காமநாயக்கன்பட்டி வட்டாரத்தில் வேதியரும் மறுமை நம்பிக்கையும்

திறவுச்சொற்கள்: மதுரை மறைப்பணி, காமநாயக்கன்பட்டி, வேதியர், நித்திய சீவியம், உத்தம மனஸ்தாபம்

முன்னுரை

மதுரை மறைப்பணியின் வரலாறு பெரும்பாலும் குருக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தத்துவ போதகரின் வாதங்களும் வீரமாமுனிவரின் காப்பியமும் பெற்ற கவனத்தை, அவர்கள் போதித்த மறுமை வாழ்வு ஒரு சம்சாரியின் அன்றாடத்தில் எங்கே இடம்பெற்றது என்னும் வினா பெறவில்லை. கடம்பூரும் கோவில்பட்டியும் உள்ளிட்ட கரிசல் பகுதியில் பழமை வாய்ந்த கத்தோலிக்க ஊர் காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் தம் தொடக்க காலத்தில் பணியாற்றிய தலங்களுள் ஒன்று அது. இவ்வட்டாரத்தில் நித்திய வாழ்வு பற்றிய நம்பிக்கையை அன்றாட ஒழுக்கமாக மாற்றியதில் குருவின் போதனையைவிட, குரு இல்லாத நாள்களில் வேதியர் ஆற்றிய பணிக்கே பங்கு மிகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

மறுபிறவி மறுப்பும் சொற்தேர்வும்

1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி எனும் தத்துவ போதகர் எதிர்கொண்ட இடர், மறுமை என்ற கருத்து தமிழரிடம் இல்லாமை அன்று. அது பல்வேறு வடிவங்களில் முன்னமே வேரூன்றியிருந்தமையே. ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’, ‘நித்திய சீவன சல்லாபம்’ என்னும் அவர்தம் நூற்பெயர்களே அவ்வாதத்தின் இரு முனைகளையும் காட்டுகின்றன. பிறவிகள் பல எனில் இப்பிறவியில் தவறியதை மற்றொன்றில் ஈடுசெய்யலாம். பிறவி ஒன்றே எனில் இன்றைய நாள் திரும்ப வாராது. இறக்கும் வேளை இறுதியானது. மறுபிறவி மறுப்பைத் தத்துவச் சண்டையாக மட்டும் காண்போர், அது காலத்துக்கு ஏற்றிய இந்தக் கனத்தைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

சொற்களும் இதை ஒட்டியே அமைந்தன. மோட்சம், பரலோகம் ஆகியவை இருந்த வழக்கிலிருந்தே எடுத்தாளப்பட்டன. கத்தோலிக்கர் ‘நித்திய சீவியம்’ என்றும், சீர்திருத்த சபையார் ‘நித்திய ஜீவன்’ என்றும் வழங்கினர். 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘நிலைவாழ்வு’ என்றது. ‘சீவியம்’ என்பது பேச்சுவழக்கில் பிழைப்பையும் குறிக்கும் சொல். ‘சீவியம் நடத்துவது’ எப்படி என்று கவலையுற்ற மானாவாரிச் சம்சாரிக்கு அதே சொல்லால் மறுமையும் சொல்லப்பட்டது. தெரிந்தே செய்த தேர்வா என்று கூறவியலாது. விளைவு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று.

மரணப்படுக்கையருகே வேதியர்

‘வேதியர்’ என்னும் சொல் பொதுவழக்கில் அந்தணரைக் குறிக்கும். கத்தோலிக்க வழக்கிலோ அது மறைக்கல்வி கற்பிக்கும் பொதுநிலையினருக்கு உரியது. உபதேசியார் என்றும் கூறுவர். பரந்த நிலப்பரப்புக்கு விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களே இருந்தமையால் ஆண்டின் பெரும்பகுதி ஊரில் குரு இருப்பதில்லை. வீரமாமுனிவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ இயற்றியதன் பின்னணி இதுவே. அந்நூலைத் தமிழ் உரைநடை வளர்ச்சியின் சான்றாகப் போற்றுவது நம் வழக்கம். அதன் அடிப்படைக் கவலை உரைநடை அன்று, ஆன்ம ஈடேற்றம்.

ஒப்புரவும் அவஸ்தைப் பூசுதலும் குருவால் மட்டுமே நிறைவேறக்கூடியவை. உயிராபத்தில் இருப்பவருக்கு ஞானஸ்நானம் வழங்க எவராலும் இயலும். ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் குருவின்றி இறக்க நேர்ந்தால்? 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் வரையறுத்தபடி, நரக பயத்தால் அன்றி இறையன்பால் எழும் உத்தம மனஸ்தாபம், ஒப்புரவு பெறும் விருப்பத்தோடு கூடியிருப்பின், மன்னிப்பைத் தரும். ஐரோப்பிய நகரத்தில், குரு எட்டிய தொலைவில் உள்ளவருக்கு இது விதிவிலக்கு. கரிசல் ஊரில் இதுவே நடைமுறையாகியிருக்க வேண்டும்.

இங்கேதான் மறுமை அன்றாடத்துள் நுழைகிறது. பேதியோ பாம்புக்கடியோ கண்ட வேளையில் மனஸ்தாப மந்திரத்தைப் புதிதாகக் கற்க முடியாது. நாள்தோறும் சொல்லிப் பழகியவருக்கே அது அப்போது நாவில் வரும். ஆகவே மாலை மந்திரங்கள் பக்திப் பழக்கமாக மட்டுமின்றி இறப்புக்கான ஒத்திகையாகவும் அமைந்தன. இறப்பவர் அருகிருந்து மந்திரத்தை எடுத்துக்கொடுப்பவர், ஒரே கிணற்றில் நீர் இறைக்கும் ஊராராகிய வேதியர். வட்டி வாங்குபவர், வரப்புத் தகராறில் நிற்பவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அந்த உதவியே ஐயத்துக்குள்ளாகும். வேதியரின் ஒழுக்கத்துக்கென ஒரு நூல் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இதே கவலைக்கு ஐரோப்பாவில் வேறு வடிவம் உண்டு. 1648இல் இயேசு சபைத் தலைவர் வின்சென்சோ கராஃபா உரோமையில் நன்மரண சபையைத் தொடங்கினார். அம்மரபில் நன்மரணத்தின் பாதுகாவலர், இயேசுவும் மரியாவும் அருகிருக்க உயிர்நீத்ததாகக் கருதப்படும் சூசையப்பர். அவரைக் காப்பியத் தலைவராக்கிய தேம்பாவணி 1726இல், ‘வேதியர் ஒழுக்கம்’ அடுத்த ஆண்டில் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. காப்பியத்தையும் கையேட்டையும் தனித்தனித் துறைகளாகப் பிரித்துப் படிக்கும் நம் பாடத்திட்டங்களே இத்தொடர்பை மறைத்தன.

இவ்வமைப்பின் வலிமைக்கு வரலாறே சோதனை வைத்தது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. புதிய மதுரை மறைப்பணி 1837இல்தான் தொடங்கிற்று. இடைப்பட்ட 64 ஆண்டுகளில் உள்நாட்டு ஊர்களுக்குக் கிட்டிய குருக்கள் மிகச் சிலர். நம்பிக்கை அற்றுப்போகாமல் நின்றதற்கு வேதியரையும் வீட்டு மந்திரங்களையும் விட்டால் வேறு விளக்கம் காண்பது கடினம்.

பரலோக மாதாவும் பருவ ஆண்டும்

காமநாயக்கன்பட்டி ஆலயம் பரலோக மாதாவுக்கு உரியது. மரியாவின் விண்ணேற்பு 1950இல்தான் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. இவ்வூர் பக்தி அதற்கு மிக முந்தையது. ஆன்மா மட்டுமன்றி உடலும் விண்ணகம் சேரும் என்பதே அதன் உட்பொருள். உடலினின்று விடுபடுதலே வீடு என்னும் பரவலான எண்ணத்துக்கு இது மாறானது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கும் மறுமையில் இடம் உண்டு என்று சொல்வது. ஆகஸ்டு 15இல் தேரோட்டம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய இந்நிலத்தில் அது விதைப்புக்கு முந்தைய வறண்ட காற்றின் காலம். நேர்த்திக்கடன் செலுத்த வருவோரில் பிற சமயத்தாரும் உண்டு. அவர்கள் வேண்டுவன மழையும் மகப்பேறும் நோய்நீக்கமும். நவம்பர் 2இல் வரும் கல்லறைத் திருநாளோ ஐப்பசி மழையின் நடுவே, பருத்தியும் உளுந்தும் விதைக்கும் பணிகளுக்கிடையே வாய்க்கிறது. இறந்தோரைப் புதைப்பது கரிசலின் பல சாதியாருக்கும் வழக்கம் ஆகையால் அடக்கமுறையில் மட்டும் தனித்தன்மை காண்பதற்கில்லை. உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக உயிரோடிருப்போர் மன்றாட வேண்டும் என்ற கடமையே வேறுபாடு.

சாதியின் எல்லை

விண்ணகத்தில் யாவரும் சமம் என்ற போதனை தெருவில் அவ்வாறே செல்லுபடியாகவில்லை. 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் தனிவகைக் குருக்கள் ஏற்பட்டமைக்குச் சாதியே காரணம். நெல்லைச் சீமையின் தென்கோடியில் வடக்கன்குளம் ஆலயம் 1872இல் இரு பகுதிகளாகவே எழுப்பப்பட்டது; இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஆலயச் சுவர்களைப் பற்றி ஆவணங்கள் பேசுகின்றன. மரணப்படுக்கையருகே மந்திரம் எடுத்துக்கொடுக்க வேதியர் எந்தத் தெரு வரை நடந்தார், எந்த வாசலில் நின்றார் என்பதை ஊர்தோறும் வாய்மொழியாகவும் கல்லறைகளின் அமைப்பிலிருந்துமே திரட்ட வேண்டியுள்ளது.