நெல் அம்பாரத்தில் எத்தனை சிப்பம்? கயிறு ஒன்றால் போடும் கணக்கு

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர் வழியாகத் திருக்கடையூருக்கு அறுவடைக் காலத்தில் போனவர்கள் சாலையோரத்தில் நெல் அம்பாரங்களைப் பார்த்திருப்பார்கள். குறுவை நெல் களத்துக்கு வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை நெல்லைக் குவித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் விவசாயிக்குச் சில கேள்விகள் எழும். இதில் எத்தனை சிப்பம் தேறும்? எவ்வளவு படுதா வேண்டும்? உலர்த்த எவ்வளவு இடம் வேண்டும்?

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'அளவியல்' என்று ஒரு பாடம் உண்டு. கூம்பு, உருளை, கோளம் ஆகியவற்றின் புறப்பரப்பும் கன அளவும் அதில் வருகின்றன. தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிடும் பாடம் அது. ஆனால் மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் கன அளவு. ஓரிடத்தில் கொட்டிய நெல் தானாகவே கூம்பாக நிற்கும். அதே சுற்றளவும் அதே உயரமும் கொண்ட உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பின் கொள்ளளவு. நம்பாத பிள்ளைகளுக்கு ஒரு டின்னும், அதன் வாயளவுக்கும் உயரத்துக்கும் சரியாகச் செய்த காகிதக் கூம்பும் போதும். கூம்பால் மூன்று முறை அரிசி கொட்டினால் டின் நிரம்பிவிடும். இந்த மூன்றில் ஒன்று எளிதில் கிடைத்துவிடவில்லை. கி.பி. 499-இல் ஆரியபட்டர் கூர்நுனிக் கோபுர வடிவத்துக்கு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி எடுக்கச் சொன்னார் என்றே அவரது சூத்திரத்துக்குப் பொதுவாகப் பொருள் கொள்கிறார்கள். 628-இல் பிரம்மகுப்தர் மூன்றில் ஒன்று என்று சரியாக எழுதினார்.

அம்பாரத்தின் நடுவே போய் விட்டத்தை அளக்க முடியாது. சுற்றிக் கயிறு போட முடியும். ஆகவே களத்துக்கு ஏற்ற சூத்திரம் சுற்றளவிலிருந்து தொடங்குவது. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கி, 37.7-ஆல் வகுத்தால் கன அளவு வந்துவிடும். 37.7 என்பது பையின் 12 மடங்கு.

ஓர் அம்பாரத்தின் சுற்றளவு 36 அடி, உயரம் 4 அடி என்று வைத்துக்கொள்வோம். 36 × 36 × 4 = 5,184. அதை 37.7-ஆல் வகுத்தால் சுமார் 137.5 கன அடி. ஒரு கன அடி நெல் ஏறத்தாழ 16 கிலோ இருக்கும். ரகத்தையும் ஈரத்தையும் பதரையும் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும். ஆகவே இந்த அம்பாரத்தில் சுமார் 2,200 கிலோ, அதாவது 40 கிலோ சிப்பமாக 55 இருக்கிறது. உங்கள் நெல்லுக்கே சரியான எண் வேண்டுமானால், ஓர் அடி நீள அகல உயரமுள்ள பெட்டியில் நிரப்பி ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடலாம்.

பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் தானியக் குவியலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. சுற்றளவை ஆறால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, உயரத்தாலும் பெருக்கச் சொல்கிறார். நம் அம்பாரத்துக்கு 6 × 6 × 4 = 144 கன அடி. பையை வெறும் 3 என்று கொண்ட வழி என்பதால் நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் கூட்டிக் காட்டும். 55 சிப்பம் 57-க்கு மேல் போய்விடும். மனக்கணக்குக்கு இது போதும், பணம் பேசும்போது போதாது.

அதைவிட நம்மைக் கவர்ந்தது அவர் உயரத்துக்குச் சொன்ன வழி. நெல் போன்ற வால் உள்ள தானியமானால் சுற்றளவில் ஒன்பதில் ஒரு பங்கு, வாலில்லாத பருத்த தானியமானால் பத்தில் ஒரு பங்கு, பொடித் தானியமானால் பதினொன்றில் ஒரு பங்கு குவியலின் உயரமாக இருக்கும் என்கிறார். சொரசொரப்பான மணி செங்குத்தாக நிற்கும், வழுவழுப்பான மணி சரிந்து பரவும் என்பதைத்தான் இப்படி எண்ணாக்கியிருக்கிறார். ஒன்பதில் ஒன்று என்றால் சரிவு சுமார் 35 பாகை. கோல் ஊன்றி உயரம் பார்க்க முடியாத இடத்தில் கயிறு மட்டும் இருந்தாலே கணக்கு முடிந்துவிடுகிறது. சுவரில் சாய்த்துக் கொட்டிய குவியலுக்கும் அவரிடம் வழி இருக்கிறது. சுவரோரக் குவியலானால் வெளிவளைவை இரண்டால் பெருக்கி முழுக் குவியலாகக் கணக்கிட்டுப் பிறகு பாதியாக்க வேண்டும். அறையின் உள்மூலையில் கிடந்தால் நான்கால் பெருக்கிக் கணக்கிட்டுக் காலாக்க வேண்டும்.

ஆனால் இயந்திர அறுவடை வந்த பிறகு அம்பாரங்கள் பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. டிராக்டர் டிப்பர் வரிசையாகக் கொட்டிப் போவதால் நீளமான வரப்புபோல் கிடக்கின்றன. இங்குதான் கண்மதிப்பு மிகவும் ஏமாற்றும். 30 அடி நீளம், 10 அடி அகலம், 3.5 அடி உயரமுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் முழுவதையும் முக்கோணப் பட்டகமாகக் கணக்கிட்டால் 525 கன அடி, 210 சிப்பம். ஆனால் இரண்டு முனைகளும் சரிந்து முடிகின்றன. ஒவ்வொரு முனையும் அரைக்கூம்பு, இரண்டும் சேர்ந்தால் ஒரு கூம்பு. ஆகவே நடுவிலுள்ள 20 அடிக்கு மட்டும் பட்டகக் கணக்கு: 350 கன அடி. முனைகளுக்கு ஒரு கூம்பு: சுமார் 92 கன அடி. மொத்தம் 442. சிப்பம் 176 அல்லது 177. களத்திலேயே மொத்தமாக விலை பேசி எடுக்கும் இடத்தில் இந்த 33 சிப்பம் யாருடைய கைக்காசு என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனிப் புறப்பரப்பு. கூம்பின் சரிந்த பக்கத்தின் பரப்பு, பாதிச் சுற்றளவைச் சாய்வு நீளத்தால் பெருக்கினால் வரும். நாடாவை அடியிலிருந்து உச்சிவரை சரிவோடு பிடித்தால் சாய்வு நீளம் கிடைக்கும். முதலில் பார்த்த வட்ட அம்பாரத்தில் அது 7 அடி. 18 × 7 = 126 சதுர அடி. அப்படியானால் 12-க்கு 12 படுதா, அதாவது 144 சதுர அடி, போதும் என்று தோன்றும். போதாது. படுதாவின் நடுவை உச்சியில் வைத்தால் நான்கு பக்கமும் 6 அடிதான் இறங்கும், சரிவோ 7 அடி. மூலைகள் வீணாகத் தரையில் மடிந்து கிடக்க, பக்கங்களின் நடுவில் ஓரடி நெல் திறந்திருக்கும். தண்ணீர் ஓடி வந்து சேரும் அடிப்பகுதியும் அதுதான். இரண்டு சரிவுக்கும் சேர்த்து 14 அடி, கல் வைத்து அழுத்தப் பக்கத்துக்கு 2 அடி, ஆக 18-க்கு 18 தேவை. பரப்பு சரியாக இருந்தாலும் வடிவம் பொருந்தாவிட்டால் பயனில்லை.

சிறு அம்பாரங்கள் பலவா, பெரியது ஒன்றா? சுற்றளவும் உயரமும் இரட்டிப்பானால் கன அளவு எட்டு மடங்கு, புறப்பரப்பு நான்கு மடங்குதான். அதே நெல்லை எட்டுச் சிறு அம்பாரமாக வைத்தால் 1,008 சதுர அடி மழைக்குத் திறந்திருக்கும். ஒரே அம்பாரமானால் 504. மழை வரும் இரவில் பெரிய அம்பாரம் லாபம். ஆனால் ஈர நெல்லைப் பெரிதாகக் குவித்து மூடினால் உள்ளே சூடேறும், நிறம் மாறும், முளைவிடும். சூடு வெளியேறுவதும் அந்தப் புறப்பரப்பு வழியாகத்தானே. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பதால் வெயில் கண்டதும் பிரித்துப் போட வேண்டியிருக்கிறது. நம் 55 சிப்பத்தை இரண்டு அங்குலக் கனத்தில் பரப்ப 825 சதுர அடி வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு சென்ட்.

வீட்டில் சேமிக்கும் மண்குதிர் உருளை. சுற்றளவைச் சுற்றளவாலும் உயரத்தாலும் பெருக்கி 12.57-ஆல் வகுக்க வேண்டும். 15 அடி சுற்றளவும் 6 அடி உயரமும் உள்ள குதிருக்கு 107 கன அடி, 43 சிப்பம் என்று வரும். ஆனால் கயிறு சுற்றியது வெளிச்சுவரை. மண்சுவர் மூன்று அங்குலக் கனமானால் உள்ளே 86 கன அடிதான், 34 சிப்பம். குதிராக இருந்தாலும் பத்தாயமாக இருந்தாலும் உள்ளளவே கணக்கு.

தராசு வருவதற்கு முன் இந்த வட்டாரத்தில் நெல்லும் குத்தகையும் மரக்காலில்தான் நடந்தன. எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட மரக்காலே வருகிறது. எந்த மரக்கால் என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டியிருந்தது. மரக்காலில் அளப்பது இரண்டு விதம்: தலை தட்டி அளப்பது, கோபுரம் வைத்து அளப்பது. வாங்கும்போது கோபுரமும் விற்கும்போது தலை தட்டலுமாக அளந்தால் இடையில் போவது எவ்வளவு? வாயின் விட்டமும் ஆழமும் சமமான மரக்காலில், மேலே நிற்கும் நெற்கூம்பு மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 12 சதவீதம். கலத்துக்கு 1.4 மரக்கால். அதே கொள்ளளவை வாய் அகலமாகவும் ஆழம் வாயின் விட்டத்தில் பாதியாகவும் செய்துவிட்டால் அது 23 சதவீதமாகிவிடும். அளவை முத்திரை சரியாக இருக்கும், கொள்ளளவும் சரியாக இருக்கும், குத்தகைக்காரர் கலத்துக்கு இரண்டே முக்கால் மரக்கால் கூடுதலாகக் கொடுத்திருப்பார். அளவு நிறுவையில் மோசடி செய்வோரைப் பற்றிக் குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம் பேசுவதை நாம் அறிவோம். அளக்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்களையே அது சொல்கிறது.

பரப்பு வேறு, கன அளவு வேறு என்பதற்குப் பள்ளிவாசல் ஹவ்ழைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை. தேங்கிய நீர் எவ்வளவு இருந்தால் அதிக நீர் எனக் கொள்ளப்படும் என்ற கேள்விக்கு ஹனஃபி சட்ட நூல்களில் 10 முழத்துக்கு 10 முழம் என்ற அளவு பழக்கத்தில் உள்ளது. இது நீரின் மேற்பரப்பு. ஷாஃபிஈ நூல்களில் இரண்டு குல்லா என்ற அளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம் உள்ள கனசதுரம் என்று அதை விளக்குகிறார்கள். இது கன அளவு. முழம் 48 சென்டிமீட்டர் என்று கொண்டால் பக்கம் 60 சென்டிமீட்டர், கொள்ளளவு 216 லிட்டர். ஆகவே புது ஹவ்ழுக்கு வரைபடம் போடும்போது ஜமாஅத் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறியாளர் முதலில் கேட்க வேண்டும். சட்டத்தின் நுணுக்கங்களை ஆலிம்கள் சொல்வார்கள்.

ஹவ்ழ் வட்டமானால் சுற்றளவு 36 முழம் இருக்க வேண்டும் என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. சரிபார்ப்போம். 36 × 36 = 1,296. அதை 12.57-ஆல் வகுத்தால் 103 சதுர முழம். சதுர ஹவ்ழின் 100-ஐ இது சற்றே தாண்டுகிறது. 35 போட்டால் 97-தான் வரும். முழு எண்ணில் 36-தான் சரியான விடை. சதுரத்துக்கு 40 முழம் சுவர், வட்டத்துக்கு 36 போதும் என்பது கொத்தனார்களுக்கும் பயன்படும் செய்தி.

வட்டப் பரப்புக்குப் பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கும் வழியை, 9-ஆம் நூற்றாண்டு பக்தாதில் அல்-குவாரிஸ்மி தம் அல்ஜப்ரா நூலின் அளவைப் பகுதியில் சொல்கிறார். காரி நாயனாரின் கணக்கதிகாரமும் தமிழில் அதே வழியைத்தான் சொல்கிறது. பைக்கு அல்-குவாரிஸ்மி தந்த மதிப்புகளில் 20,000-க்கு 62,832 என்பதும் ஒன்று. அது ஆரியபட்டரின் எண்.

வளைந்த கூரைகளின் பரப்பை விரிவாக எழுதியவர் சமர்கந்தின் அல்-காஷி. 1427-இல் அவர் முடித்த மிஃப்தாஹுல் ஹிஸாப் என்ற நூலில் வளைவுகள், குவிமாடங்கள், தேன்கூடு போன்ற முகர்னஸ் அலங்காரம் ஆகியவற்றை அளக்கும் வழி கட்டடக்காரர்களுக்காகவே தரப்பட்டிருக்கிறது. கூலியும் சாந்தும் பரப்பைப் பொறுத்தவை அல்லவா? நம் ஊரில் குவிமாடத்துக்கு வர்ணம் பேசும்போதும் அதே கணக்குத்தான். சரியான அரைக்கோளக் குவிமாடத்தின் வெளிப்பரப்பு, அது அமர்ந்திருக்கும் வட்டத்தின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு. 12 அடி விட்டமானால் வட்டம் 113 சதுர அடி, குவிமாடம் 226. வெங்காய வடிவில் கழுத்து ஒடுங்கி வயிறு புடைத்த குவிமாடமானால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதைக் கிடைமட்டமாக ஓரடிப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் சுற்றளவையும் கயிற்றால் அளந்து, அந்தப் பட்டையின் சாய்வு நீளத்தால் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.