எலும்புக்கூட்டை எதால அடிக்கணும்?

ஃபேன்டஸி ரோல்பிளே விளையாட்டுகளில் டேமேஜ் டைப், ரெசிஸ்டன்ஸ் எல்லாம் எப்படி மாறி வந்திருக்குன்னு பார்க்க டிராகன் வரைக்கும் போக வேண்டாம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் சாதாரண எலும்புக்கூடே போதும்.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் எழுதிய முதல் விதிகளில் சேத வகைகளுக்கென்று பொதுப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு பூதத்துக்கும் அதது குணம், அவ்வளவுதான். ட்ரோலை வெட்டினா திரும்ப ஒட்டிக்கும்; எரிக்கணும், இல்லேன்னா அமிலத்தில் முக்கணும். (ட்ரோலின் இந்தக் குணம் பால் ஆண்டர்சன் நாவலில் இருந்து எடுத்தது.)

1977-ல் வந்த 'மான்ஸ்டர் மானுவல்' எலும்புக்கூட்டைப் பத்தி ஒண்ணு சொல்லுது: கூரான ஆயுதம் பட்டால் பாதி சேதம்தான். வாள் 8 அடிச்சா 4. நியாயம்தானே, வெட்டுறதுக்குச் சதை எங்கே இருக்கு? அந்தக் காலத்து விதிப்படி கிளெரிக், அதாவது பூசாரி, கூரான ஆயுதம் தொடக்கூடாது. அதனால கதாயுதத்தோட அவர் முன்னாடி போக, பெரிய வாள்வீரர் பின்னாடி நிக்க வேண்டியதாச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இது.

2003-ல் வந்த 3.5 பதிப்பில் பாதிக்குப் பதில் கழித்தல். வாள் அடிக்கு அடி 5 குறையும். 8 அடிச்சா 3. நாலு பக்கப் பகடை உருட்டும் குத்துவாள், உடல்பலம் கூட இல்லைன்னா, ஒண்ணுமே செய்யாது. வேற பூதங்களுக்கு வெள்ளி, குளிர் இரும்புன்னு தனித்தனி ஆயுதம் வேணும். கோல்ஃப் பை மாதிரி ஆயுதம் சுமக்கணும்னு ஆட்டக்காரர்கள் கிண்டலடிச்சாங்க.

2008-ல் வாளுக்கும் கதாயுதத்துக்கும் இருந்த வித்தியாசமே போயிடுச்சு. புனித ஒளி பட்டால் மட்டும் கூடுதலா 5.

2014-ல் மொத்தம் 13 சேத வகைகள். கணக்கும் சுலபம்: ரெசிஸ்டன்ஸ் இருந்தா பாதி, பலவீனம் இருந்தா இரண்டு மடங்கு. எலும்புக்கூட்டுக்குக் கொடுத்தது இரண்டாவது. கதாயுதம் 6 அடிச்சா 12. வாள் 8 அடிச்சா 8 அப்படியே.

அதாவது, தப்பான ஆயுதத்துக்கு இருந்த தண்டனை சரியான ஆயுதத்துக்குப் பரிசா மாறிடுச்சு. ஆட்டம் வேகமா ஓடும், ஒத்துக்கிறேன். ஆனா முன்னாடி, வாள் எலும்பில் உரசிட்டுப் போறப்போ ஆட்டக்காரர் நின்னு யோசிக்கணும். இப்போ எல்லாரும் வாளோட வந்தா, அதுக்கு ஒரு பலவீனம் இருந்ததே தெரியாம சண்டை முடிஞ்சிடும். ட்ரோல் மேல மட்டும் யாரும் கை வைக்கலை. 2014-லும் தீயோ அமிலமோ இல்லாம அது சாகாது.