காலிப் பீடமும் கட்டுப்படுத்தாத ஆணையும்: பதுரவாதோப் பூசல் முதல் மரபுக் கத்தோலிக்கரின் விவாதம் வரை

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்ட வழக்கில், ஓர் ஆயரோ திருத்தந்தையோ இறந்த பின்னோ பதவி விலகிய பின்னோ அடுத்தவர் பொறுப்பேற்கும் வரையுள்ள இடைக்காலம் 'சேதே வக்காந்தே', அதாவது பீடம் காலியாக உள்ள நிலை, எனப்படுகிறது. இயல்பாகச் சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும் இந்த இடைக்காலம் 1958இல் பன்னிரண்டாம் பயஸ் இறந்த நாளிலிருந்து இன்றுவரை முடியவே இல்லை என்றும், அதற்குப் பின் உரோமையில் அமர்ந்தவர்கள் எவரும் உண்மையான திருத்தந்தையர் அல்லர் என்றும் வாதிடுவோர் மரபுவாதக் கத்தோலிக்கருள் ஒரு பிரிவினராக உள்ளனர். அவர்களோடு பழைய இலத்தீன் பூசையைப் பகிர்ந்துகொள்ளும் மற்றொரு பிரிவினரோ, திருத்தந்தை திருத்தந்தையே, ஆனால் விசுவாசத்திற்குக் கேடு தரும் அவருடைய ஆணைகளுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்கின்றனர். இவ்விவாதம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தது என்பது உண்மையே. எனினும், உரோமையிலிருந்து வந்த ஆணை கட்டுப்படுத்துமா, காலியான பீடத்தின் அதிகாரம் யார் கையில் உள்ளது என்னும் கேள்விகள் தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களில், குறிப்பாகத் திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரத்தில், நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வந்தவை.

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்னும் மூன்று தாலுகாக்களைக் கொண்டிருந்தது. அதன் கத்தோலிக்க வரலாற்றின் தொடக்கம் குளத்தூர் பக்கத்து ஆவூரில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு புஷே அங்கு அமைத்த பணித்தளம் காவிரிக்கும் வைகைக்கும் இடைப்பட்ட ஊர்களுக்குத் தாய்க்கோயில் போல விளங்கியது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தத்துவ போதகரின் வழியில் நடந்த இந்த மிஷன், சட்டப்படி போர்த்துக்கல் அரசரின் ஞானாதரவுக்கு உட்பட்டிருந்தது. பதுரவாதோ எனப்பட்ட இந்த ஏற்பாட்டின்படி, கீழை நாடுகளில் கோயில் கட்டவும் குருக்களைப் பேணவும் அரசர் பொறுப்பேற்றார். அதற்கு ஈடாக ஆயர்களை முன்மொழியும் உரிமையைத் திருத்தந்தையர் அவருக்கு வழங்கியிருந்தனர். 1606இல் நிறுவப்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டம் அவ்வகையில் கோவாப் பேராயத்தின் கீழ் அமைந்தது. 1622இல் பதினைந்தாம் கிரகோரி 'புரோபகாந்தா' எனப்பட்ட விசுவாசப் பரப்புப் பேராயத்தை உரோமையில் ஏற்படுத்தி, மறைபரப்பு நாடுகளை நேரடியாக ஆளத் தொடங்கியபோதே இரு அதிகாரங்களுக்கும் இடையிலான உரசலுக்கு வித்திடப்பட்டுவிட்டது.

போர்த்துக்கல் 1759இல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையை வெளியேற்றியது. 1773இல் பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார். ஆவூர் முதலிய பணித்தளங்களில் இருந்த குருக்கள் ஒவ்வொருவராக மறைய, அவ்விடங்களைப் பெரும்பாலும் கோவாவிலிருந்து வந்த மறைமாவட்டக் குருக்களே கவனித்துக்கொண்டனர். பிற்கால மிஷன் எழுத்துகள் இக்குருக்களைக் குறைத்தே பேசுகின்றன. ஆனால் ஐரோப்பியக் குருக்கள் அரிதாகவே வந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருமுழுக்கும் திருமணமும் இறுதிப் பூசுதலும் தடைபடாமல் நடந்ததற்கு அவர்களும் உபதேசியார்களுமே காரணம் என்பதை மறுக்க இயலாது. பின்னர் எழுந்த பூசலில் மக்களுள் பலர் அவர்கள் பக்கம் நின்றதைக் கலகமாக மட்டும் பார்ப்பது, கண்ணுக்கு முன்னே இருந்த குருவின்பால் அவர்களுக்கு இருந்த நன்றியைக் காணத் தவறுவதாகும்.

1833–34இல் லிஸ்பனில் வெற்றி பெற்ற தாராளவாத அரசு திருத்தந்தையின் தூதரை வெளியேற்றித் துறவற சபைகளை ஒழித்தபோது, உரோமைக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலான உறவு அறுந்தது. அரசு முன்மொழிந்த ஆயர்களை உரோமை உறுதிப்படுத்தவில்லை. கோவா, மயிலாப்பூர், கொச்சி, கிராங்கனூர் ஆகிய பீடங்கள் முறையான ஆயர் இன்றிக் கிடந்தன. கோவாவுக்கு அரசு தெரிவுசெய்து அனுப்பிய கர்வாலியு, திருத்தந்தையின் ஒப்புதல் இல்லாமலேயே 1837இல் அங்கு வந்து நிர்வாகத்தை ஏற்றார். இந்நிலையில் 1838 ஏப்ரல் 24 அன்று பதினாறாம் கிரகோரி 'முல்த்தா பிரெக்ளாரே' என்னும் ஆணையை வெளியிட்டு, மயிலாப்பூர், கொச்சி, கிராங்கனூர் பீடங்களின் ஆட்சியதிகாரத்தைத் தாம் நேரடியாக அமர்த்திய அப்போஸ்தலிக்க விகாரியார்களிடம் ஒப்படைத்தார். விகாரியார் என்பவர் ஒரு மறைமாவட்டத்தின் சொந்த ஆயர் அல்லர்; திருத்தந்தையின் பெயரால் ஒரு பகுதியை ஆள்பவர்.

கோவாத் தரப்பு இந்த ஆணையை ஏற்கவில்லை. அதன் வாதம் பின்னாளைய விவாதங்களை நோக்கும்போது கவனத்திற்குரியது. திருத்தந்தையின் அதிகாரத்தை அவர்கள் மறுக்கவில்லை. ஞானாதரவு ஓர் ஒப்பந்தம் என்பதால் ஒரு தரப்பு மட்டும் அதைக் கலைக்க முடியாது என்றும், அரச ஒப்புதல் பெறாத ஆணை பதுரவாதோ எல்லைக்குள் செல்லாது என்றும், தவறான தகவலின் அடிப்படையில் ஆணை பெறப்பட்டது என்றும் அவர்கள் கூறினர். காலியான கீழ்ப்பீடங்களுக்கு நிர்வாகிகளை அமர்த்துவது கோவாவின் உரிமை என்றும் வாதிட்டனர். எதிர்த்தரப்பு இதற்குக் 'கோவாப் பிரிவினை' என்று பெயரிட்டது. அப்பெயரைக் கோவாக் குருக்கள் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆணை வெளிவந்த அதே காலத்தில் பெர்த்ராந்து, கார்னியே, மார்த்தேன், தியு ராங்கே ஆகிய நான்கு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் புதிய மதுரை மிஷனைத் தொடங்க வந்தனர். திருச்சியில் பழைய கோயில் கோவாக் குருக்களின் கையில் இருந்ததால், கார்னியே புதிதாக ஒரு கோயிலைக் கட்ட வேண்டியதாயிற்று. இன்றைய மரியன்னை பேராலயம் அவ்வாறு எழுந்ததே. 1846இல் மதுரை தனி விகாரியாட்சியாக்கப்பட்டு, கனோஸ் அதன் தலைவரானார். கோயில் சாவி, கல்லறை, நன்கொடை நிலம், திருவிழாத் தேர் ஆகியவற்றுக்காக ஊர் ஊராக வழக்குகளும் கைகலப்புகளும் நிகழ்ந்தன. ஓர் ஊரிலேயே 'பதுரவாதோக் கோயில்', 'புரோபகாந்தாக் கோயில்' என்று இரண்டு இருந்த நிலையும் உண்டு. ஆங்கில நீதிமன்றத்திற்குத் திருச்சபைச் சட்டம் முதன்மையானதன்று என்பதால் வழக்குகள் பெரும்பாலும் அனுபோகத்தின் மீதே நகர்ந்தன.

ஆனால் எளிய விசுவாசியைப் பெரிதும் வாட்டியது சொத்துத் தகராறு அன்று. பூசை நிறைவேற்றுவதற்குக் குருத்துவம் போதும். பாவமன்னிப்பு வழங்கவும் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கவும் குருத்துவத்தோடு ஆட்சியதிகாரமும் வேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். ஆதலால், கோவாக் குருவுக்கு அதிகாரம் இல்லையென்றால் தாம் செய்த பாவசங்கீர்த்தனம் செல்லுமா, தம் பிள்ளைகளின் திருமணம் திருமணந்தானா என்னும் அச்சம் குடும்பங்களுக்குள் புகுந்தது. 1843இல் கோவாவுக்கு நியமிக்கப்பட்ட பேராயர் சில்வா தோரெஸ், உரோமையின் உறுதிப்பாட்டைப் பெற்றவராயினும், நூற்றுக்கணக்கான புதிய குருக்களை அருள்பொழிவு செய்து பதுரவாதோத் தரப்பை வலுப்படுத்தினார். 1853இல் மக்காவ் ஆயர் பம்பாய்க்கு வந்து பதுரவாதோத் தரப்பினருக்கு உறுதிப்பூசுதல் முதலியவற்றை நிறைவேற்றியபோது, ஒன்பதாம் பயஸ் 'புரோபே நோஸ்திஸ்' என்னும் மடலில் அவரையும் குருக்கள் நால்வரையும் பெயர் சுட்டிக் கண்டித்தார். 1857இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகியும் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை; 1860களில் கோவாப் பேராயருக்குத் தற்காலிக அதிகாரம் அளிக்கப்பட்டு மக்களின் மனச்சான்று ஓரளவு ஆற்றப்பட்டது.

1886 ஜூன் 23 அன்று பதின்மூன்றாம் சிங்கராயருக்கும் போர்த்துக்கலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை முதற்கட்டத் தீர்வைக் கொண்டுவந்தது. மயிலாப்பூர் பீடம் ஞானாதரவின் கீழ் மீண்டும் உயிர்பெற்று, ரீட் ட சில்வா அதன் ஆயரானார். தஞ்சைப் பகுதியின் ஊர்கள் பல அதன் கீழ் வந்தன. மதுரை விகாரியாட்சி திருச்சி மறைமாவட்டமாயிற்று. திருச்சி ஆயரின் எல்லைக்குள்ளேயே மயிலாப்பூருக்குக் கட்டுப்பட்ட விலக்குக் கோயில்களும் நீடித்தன. 1928, 1950 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் எஞ்சியவற்றைப் படிப்படியாகக் களைந்தன. 1952இல் தஞ்சை மறைமாவட்டம் மயிலாப்பூரிலிருந்து பிரிக்கப்பட்டது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி, தஞ்சை மறைமாவட்டங்களுக்கிடையே பங்கிடப்பட்டிருப்பதில் அந்தப் பழைய எல்லைக்கோட்டின் தடத்தைக் காணலாம்.

1886இன் உடன்பாட்டை அனைவரும் ஏற்றுவிடவில்லை. இலங்கையின் பதுரவாதோக் கோயில்கள் உள்ளூர் ஆயர்களிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, கொழும்பில் மருத்துவர் லிஸ்போவா பின்டோ தலைமையில் ஒரு கூட்டம் திரண்டது. கோவாவைச் சேர்ந்த குரு அல்வாரெஸ் அக்கூட்டத்தின் வேண்டுகோளை ஏற்று, அந்தியோக்கியாவின் சிரியன் மறைமுதுவரின் அனுமதியோடு 1889இல் கோட்டயத்தில் மார் யூலியுஸ் என்ற பெயரில் ஆயராக அருள்பொழிவு பெற்றார். இலத்தீன் வழிபாட்டை வைத்துக்கொண்டே உரோமையை விட்டு நீங்கிய அந்தச் சபையினர், எதிர்ப்பு எந்த எல்லை வரை செல்லக்கூடும் என்பதைக் காட்டினர். அல்வாரெஸ் 1892இல் கொழும்பில் விலாத் என்பவரை ஆயராக்க, உரோமையோடு ஒன்றிப்பு இல்லாமல் ஆயர்நிலை கைமாறும் வழிகளில் ஒன்று அங்கிருந்து அமெரிக்கா வரை நீண்டது.

இப்பின்னணியில் 20ஆம் நூற்றாண்டின் விவாதத்தை நோக்கினால் ஒப்புமையும் வேற்றுமையும் தெளிவாகும். 1962–65இல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1969இல் ஆறாம் பவுல் வெளியிட்ட புதிய திருப்பலி முறையும் தம் விசுவாசத்திற்கு முரணானவை என்று கருதிய பிரெஞ்சுப் பேராயர் லெபேவர் 1970இல் பத்தாம் பயஸ் குருத்துவ சபையைத் தொடங்கினார். 1988 ஜூன் 30 அன்று திருத்தந்தையின் ஆணையின்றி நான்கு ஆயர்களை அருள்பொழிவு செய்ததால் அவர் சபைவிலக்குக்கு ஆளானார். அந்நால்வர்மீதான விலக்கை 2009இல் பதினாறாம் பெனடிக்ட் நீக்கினார். தமிழகத்தில் பாளையங்கோட்டையில் இச்சபைக்கு ஓர் இல்லம் உள்ளது. திருத்தந்தையை ஏற்று, அவர் ஆணையை எதிர்த்தல் என்னும் இந்நிலைப்பாடு, வாதத்தின் அமைப்பைப் பொறுத்தவரை, கோவாக் குருக்களின் நிலைப்பாட்டுக்கு மிக நெருங்கியது.

பீடம் காலி என்போரின் பாதை வேறு. மெக்சிகோவின் குரு சாயென்ஸ் இ அர்ரியாகா 1970களின் தொடக்கத்திலேயே அக்கருத்தை நூலாக எழுதினார். வியட்நாமின் முன்னாள் ஹுவே பேராயர் கோ தின் துக், உரோமையின் அனுமதியின்றி ஆயர்களை அருள்பொழிவு செய்து, 1982இல் பீடம் காலி என வெளிப்படையாக அறிவித்தார். வெளிப்படையான திரிபுக்கொள்கையாளர் திருச்சபையின் உறுப்பினரே அல்லர் என்பதால் அதன் தலைவராக முடியாது என்னும் இறையியலாளர் பெல்லார்மினின் கருத்தையும், நான்காம் பவுலின் 1559ஆம் ஆண்டு ஆணையையும் இவர்கள் சான்றாகக் காட்டுவர். அவ்வாறு ஒருவர் பதவி இழந்ததைத் திருச்சபை அறிவிக்காத வரை தனிநபர் தீர்ப்புச் சொல்ல இயலாது என்று கயத்தானையும் பிற இறையியலாளரையும் துணைக்கழைத்து மறுதரப்பு பதிலளிக்கும். துக்கால் 1981இல் ஆயராக்கப்பட்ட தோமினிக்கன் இறையியலாளர் கெரார் தே லோரியே, தெரிவு செல்லும், ஆயினும் அதிகாரம் இறங்கவில்லை என்ற இடைவழியை முன்வைத்தார். இதன்படி உரோமையில் அமர்ந்திருப்பவர் பருப்பொருளளவில் திருத்தந்தை, உருவளவில் அல்லர்.

இந்தக் கருத்து வேறுபாடு பூசையின் ஒரே வாக்கியத்தில் வெளிப்படுகிறது. உரோமைத் திருப்பலியின் நடுமன்றாட்டில் குரு முதலில் திருத்தந்தையின் பெயரையும், அடுத்து அவ்விடத்து ஆயரின் பெயரையும் சொல்ல வேண்டும். பீடம் காலியாயிருப்பின் அப்பெயர் விடப்படும். 19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் இரு தரப்பும் முதற்பெயரில் ஒன்றுபட்டிருந்தன. பிணக்கு இரண்டாம் பெயரில் மட்டுமே இருந்தது. இன்றைய பிணக்கு முதற்பெயருக்கு ஏறிவிட்டது. லெபேவரின் சபையில் அப்பெயர் சொல்லப்படுகிறது. பீடம் காலி என்போருள் ஒரு சாரார் அப்பெயர் ஒலிக்கும் பூசையில் பங்கேற்பதே பாவம் என்பர். மற்றவர், வேறு பூசை கிடைக்காத விசுவாசி அங்குப் போகலாம் என்பர். 1983இல் அமெரிக்காவில் ஒன்பது குருக்கள் லெபேவரின் சபையிலிருந்து நீக்கப்பட்டபோது, 1962ஆம் ஆண்டுப் பூசை நூலை ஏற்பது முதலான செய்திகள் முன்னின்றாலும், அவர்களுள் சிலர் விரைவிலேயே முதற்பெயரையும் கைவிட்டனர்.

எனவே கோவாப் பூசலைப் பீடம் காலி என்னும் கொள்கைக்கு முன்னோடியாகக் கொள்வது பொருந்தாது. அது எதிர்த்து நிற்றலுக்கு மட்டுமே முன்னோடி. அங்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கோவாக் குருக்களுக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. அதனால் உரோமைக்குப் பேச்சுநடத்த ஒரு தரப்பு கிடைத்தது, பூசல் உடன்படிக்கையில் முடிந்தது. லெபேவரின் சபைக்கு அப்படி ஓர் அரசு இல்லை. ஆயினும் பழைய மனச்சான்றுச் சிக்கல் அதே வடிவில் திரும்பி வந்ததால், பிரான்சிஸ் 2015 முதல் அச்சபைக் குருக்களுக்குப் பாவமன்னிப்பு அதிகாரத்தை வழங்கினார். 2017இல் அவர்கள் வழியாக நடக்கும் திருமணங்களுக்கும் வழி செய்தார். 1860களில் கோவாவுக்குச் செய்யப்பட்டதைப் போலவே, தகராறு தீருமுன் மக்களின் திருவருட்சாதனங்கள் காக்கப்பட்டன.

பீடம் காலி என்போருக்கு இந்த வழியும் அடைபட்டுள்ளது. அவர்களுடைய கணக்கில் அத்தகைய அதிகாரத்தைத் தரக்கூடியவர் உரோமையில் இல்லை. பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்திய கர்தினால்மார் அனைவரும் 1990களின் தொடக்கத்திற்குள் மறைந்துவிட்டதால், காலிப் பீடத்தை நிரப்ப யாருக்கு உரிமை என்பதற்கு அவர்களிடையே ஒத்த விடை இல்லை. சிலர் 1990இல் கான்சாஸிலும் 1998இல் மற்றோரிடத்திலும் தாமே கூடி 'திருத்தந்தையரை'த் தெரிவு செய்துகொண்டனர். பெரும்பாலோர் அத்தெரிவுகளை ஏற்கவில்லை. பேதுருவின் வழிமரபு முடிவின்றித் தொடரும் என 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்ததை மறுதரப்பு முன்வைக்கும்போது, இடைவெளி எவ்வளவு நீண்டாலும் வழிமரபு அறுவதில்லை என்பது அவர்களின் பதிலாக இருக்கிறது; அவ்விடைவெளி முடிவுக்கு வரும் வழி எது என்பதில்தான் அவர்கள் ஒருவரோடொருவர் இன்றும் மாறுபடுகின்றனர்.