வைஃபை அடிக்கடி கட் ஆகுதா? ரவுட்டரை ரீசெட் பண்றதுக்கு முன்னாடி இந்த லைட்டைப் பாருங்க!

ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஆவணத்தை அப்லோட் பண்ணும்போது நெட் கட். இந்த நேரத்தில் பலரும் செய்வது, ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் பண்ணுவது. பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய நெட், டெக்னீஷியன் வரும்வரை வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

வீட்டு நெட்டில் கோளாறு வரக்கூடிய இடங்கள் மூன்று: வெளியிலிருந்து வரும் லைன், ரவுட்டர், ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் நடுவே இருக்கும் வைஃபை. இதில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிஞ்சது.

முதல்ல இதைச் செக் பண்ணுங்க

வீட்டில் இன்னொரு போனில் நெட் வருதா என்று பாருங்க. வந்தால், கோளாறு உங்கள் போனில்தான். வைஃபை பெயரை 'மறந்துவிடு' கொடுத்து, மறுபடியும் பாஸ்வேர்டு போட்டு இணையுங்கள்.

எந்தப் போனிலும் வரவில்லையா? பிளான் காலாவதி ஆகிவிட்டதா என்று மொபைல் டேட்டாவில் பாருங்க. லைன் நன்றாக இருந்தும் நெட் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

லைட் என்ன சொல்லுது?

ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் பெட்டியின் முன்பக்கம் பாருங்க. மாடலுக்கு ஏற்ப லைட் கொஞ்சம் மாறும்.

* பவர் லைட் எரியலை, அல்லது அணைந்து அணைந்து எரியுது: அடாப்டர் மேல் சந்தேகப்படலாம். கரண்ட் போய் வரும்போது முதலில் அடிவாங்குவது இதுதான். புதுசு வாங்கினால் பழைய அடாப்டரில் உள்ள அதே வோல்ட், அதே பின் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, கூடுதலோ இருக்கலாம்; குறையக் கூடாது.

* எல்.ஓ.எஸ். லைட் சிவப்பாக மினுக்குது: ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வெளியே கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது வீட்டுக்குள் ஒயர் மடங்கியிருக்கலாம். ஒயர் கதவிலோ சோபாவிலோ நசுங்கியிருந்தால் எடுத்துவிடுங்க. அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, புகார்தான். ஃபைபரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

* பான் லைட் நிலையாகப் பச்சை, இன்டர்நெட் லைட் மட்டும் எரியலை: லைன் நல்லா இருக்கு. லாகின் அல்லது பிளான் பிரச்னையாக இருக்கலாம்.

ஆஃப் பண்ணி ஆன் பண்றதுல விஷயம் இருக்கு

ரவுட்டரும் ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான். நாள்கணக்கில் ஓடும்போது ஹேங் ஆகும், சூடாகும். சுவிட்சை அணைத்து 30 விநாடி விட்டு, பிறகு போடுங்க. லைட் எல்லாம் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் பெட்டியை முதலில் ஆன் பண்ணுங்க.

ரீசெட் ஓட்டை: ஏன் கை வைக்கக் கூடாது?

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரீசெட் பண்ணினால் வைஃபை பெயர், பாஸ்வேர்டு மட்டுமல்ல, நிறுவனம் போட்டுக்கொடுத்த லாகின் விவரமும் அழிந்துபோகலாம். அந்த யூசர்நேம், பாஸ்வேர்டு உங்கள் கையில் இல்லையென்றால் பெட்டி வெறும் பெட்டிதான். இப்போதே கேட்டு வாங்கி எழுதி வைங்க.

நெட் வருது, ஆனா ஸ்லோ

ரவுட்டர் பக்கத்தில் நின்று பாருங்க. அங்கே வேகம் இருந்தால் கோளாறு வைஃபையில். லேப்டாப்பை கேபிளில் இணைத்துப் பார்த்தால் இன்னும் உறுதியாகும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டினால் பலவீனமாகும். பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்தால் இரும்பு சிக்னலைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 பக்கத்திலேயே இயங்குவதால் அது ஓடும்போது வைஃபை தடுமாறும். வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் வைப்பது நல்லது. அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டு வைஃபைகள் மோதும். ரவுட்டர் செட்டிங்கில் 2.4-க்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்க. இவை ஒன்றோடு ஒன்று மோதாது.

வாட்ஸ்அப் வருது, வெப்சைட் மட்டும் திறக்கலையா? டி.என்.எஸ். கோளாறாக இருக்கலாம். அதை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்க.

புகார் கொடுக்கும்போது

'நெட் வரலை' என்று மட்டும் சொல்லாதீங்க. எந்த லைட் எப்படி எரிகிறது, எப்போதிலிருந்து என்று சொல்லுங்க. லைட்டை போட்டோ எடுத்து வைங்க. புகார் எண்ணைக் கேட்டு வாங்குவது முக்கியம். தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பிடம் போக முடியும். டிராய் விதிமுறை இந்த உரிமையைத் தருகிறது.

லைன் சரி, அடாப்டர் சரி, கேபிளில் இணைத்தாலும் நெட் விட்டு விட்டு வருதா? அப்போதுதான் ரவுட்டரை மாற்றுவது பற்றி யோசிக்கணும். நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்க. அதுவரை அவசர வேலைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் கைகொடுக்கும்.